குடியை விட எந்த வழி: ஜி.எச். வார்டா, தனியார் சென்டரா, மாத்திரையா, கயிறா?

குடிப்பவர் இருக்கும் வீட்டில் பொறுமை தீர்ந்துபோகும் நாளில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "நல்ல சென்டர் ஏதாவது தெரியுமா?" மைத்துனர் ஒருவர் மூன்று மாதம் உள்ளே வைத்திருக்கும் இடத்தின் நம்பரைக் கொடுப்பார். அத்தை, அம்மன் கோயிலில் கயிறு கட்டினால் போதும் என்பார். பக்கத்து வீட்டுக்காரர், சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கிற பொடியின் விளம்பரத்தை வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டிருப்பார். மாமனாருக்கு இதெல்லாம் வீண் செலவு. "நாலு நாள் ரூமுக்குள்ள போட்டுப் பூட்டு, தானா தெளிஞ்சிடும்" என்பார். நான்கிலும் உயிருக்கு அதிக ஆபத்தானது மாமனாரின் யோசனை. செலவில்லாதது என்பதால் பல வீடுகளில் முதலில் நடப்பதும் அதுதான்.

என் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடியை நிறுத்துவதில் இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. ஒன்று, குடிக்குப் பழகிப்போன உடம்பை ஆபத்தில்லாமல் இறக்குவது. அது ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். இன்னொன்று, இறங்கிய ஆள் மறுபடி ஏறாமல் பார்த்துக்கொள்வது. அதற்கு ஒரு வருடமாவது பிடிக்கும். மேலே சொன்ன வழிகளில் எதுவும் இரண்டையும் முழுசாகச் செய்வதில்லை. முதல் வேலைக்கு ஆஸ்பத்திரிக்கு நிகரில்லை. இரண்டாவது வேலைக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் அதிகம் உதவாது. இதைப் பிரித்துப் பார்க்காமல் "எது பெஸ்ட்" என்று தேடுவதால்தான் நகையை அடகு வைத்துச் சென்டரில் சேர்த்து, வெளியே வந்த வாரமே பழைய கடையில் நிற்கும் கதை நடக்கிறது.

முதலில் ஆளை அளந்து பார்க்க வேண்டும். டாஸ்மாக்கில் வாங்கும் ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால். கணக்குப் போட்டால் சுத்த ஆல்கஹால் சுமார் 60 கிராம். ஒரு 'டிரிங்க்' என்பது 10 கிராம் என்று வைத்தால், ஒரு குவார்ட்டருக்குள் ஆறு டிரிங்க் அடங்கியிருக்கிறது. "ஒரு குவார்ட்டர்தான் சார், அதுக்கு மேல போனதில்ல" என்பவர் தினம் ஆறு டிரிங்க் குடிப்பவர். அளவைவிட முக்கியமானது நேரம். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா, நடுக்கத்தை நிறுத்த ஒரு கட்டிங் தேவைப்படுகிறதா, கடை மதியம் 12 மணிக்குத்தான் திறக்கும் என்று தெரிந்து முந்தைய நாளே வாங்கி ஒளித்து வைக்கிறாரா? ஆம் என்றால் இது குடிப்பழக்கம் என்ற கட்டத்தைத் தாண்டிவிட்டது. முன்பு எப்போதாவது குடியை நிறுத்தியபோது ஃபிட்ஸ் வந்ததா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வந்திருந்தால் வீட்டில் வைத்து நிறுத்தும் பேச்சே வேண்டாம்.

அந்தக் கட்டத்தைத் தாண்டாதவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். சனி ஞாயிறு மட்டும் குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவர், சம்பள நாளில் நிதானம் இழப்பவர், குடித்தால் மனைவியிடம் கை ஓங்குபவர் எல்லாம் இதில் வருவார்கள். இவர்களைச் சென்டரில் அடைப்பது தேவையற்ற வேலை. கோவாவில் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்த ஓர் ஆய்வு 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. மருத்துவப் பட்டம் எதுவும் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் அதிகபட்சம் நான்கு முறை உட்கார்ந்து பேசினார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, கடந்த பதினான்கு நாளில் குடியைத் தொடாதவர்கள் பேசப்பட்டவர்களில் 42 சதவீதம், வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 18 சதவீதம். நான்கு உட்காரலுக்கு இது பெரிய பலன். ஆக, கை நடுங்காத ஆளுக்கு ஆலோசகரோ மனநல மருத்துவரோ போதும். இனி வருவதெல்லாம் நடுங்குபவர்களுக்கானது.

பூட்டி வைத்தால் என்ன ஆகும்

தினமும் குடிக்கும் ஒருவர் திடீரென நிறுத்தினால் ஆறு மணி நேரத்திலிருந்தே உடம்பு கணக்குக் கேட்கத் தொடங்கும். வியர்வை, குமட்டல், தூக்கமின்மை, கையை நீட்டச் சொன்னால் விரல் நுனியில் நடுக்கம். முதல் இரண்டு நாளுக்குள் ஃபிட்ஸ் வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில், சிலருக்கு, அதைவிட மோசமான ஒன்று வரும். சுவரில் எறும்பு ஊர்கிறது என்பார். போர்வையிலிருந்து இல்லாத நூலைப் பிரித்துப் பிரித்து எடுப்பார். கட்டிலில் உட்கார்ந்துகொண்டே பஸ் ஓட்டுவார், கொத்தனார் என்றால் கலவை பூசுவார். வீட்டில் இருப்பவர்கள் பேய் பிடித்துவிட்டது என்றோ புத்தி பேதலித்துவிட்டது என்றோ நினைத்து வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போவதும் உண்டு. டாக்டர்கள் இதை டெலிரியம் ட்ரெமென்ஸ் என்பார்கள். குடிநோயாளிகள் எல்லோருக்கும் இது வராது, நூறில் ஐந்து பேர் அளவுக்குத்தான். ஆனால் வந்தவரைக் கவனிக்காமல் விட்டால் செத்துப்போக வாய்ப்பு அதிகம். நேரத்தில் சிகிச்சை கிடைத்தால் அந்த ஆபத்து நூறில் ஐந்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து டாஸ்மாக் கடைகளை மூடியபோது, மாமனார் சொன்ன யோசனை மாநிலம் முழுக்க ஒரே நேரத்தில் நடந்தது. மே 7-இல் கடை மறுபடி திறக்கும்வரை கிட்டத்தட்ட ஆறு வாரம். பலர் அந்த நாட்களில் குடியை விட்டார்கள், உண்மைதான். நடுக்கமும் ஃபிட்ஸுமாக ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களும் உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினத்தில் ஷேவிங் லோஷனைக் குளிர்பானத்தில் கலந்து குடித்துச் செத்தவர்களும் உண்டு. கையில் காசு கொடுக்காமல் வழிக்குக் கொண்டுவரப் பார்ப்பதிலும் இதே சிக்கல்தான். குவார்ட்டருக்கு வழியில்லாதவர் பாக்கெட் சாராயத்துக்குப் போவார். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள், பெரும்பாலும் அன்றாடக் கூலிகள். சாராயம் குடித்தவருக்கு மறுநாள் பார்வை மங்கினாலோ வயிறு பிசைந்தாலோ "போதை இறங்கல" என்று படுக்க வைக்காமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

மாலை போடுவதை இந்த இடத்தில் சொல்லாமல் விட முடியாது. கார்த்திகை முதல் தேதி மாலை போட்டு, ஒரு மண்டலம் சொட்டுக்கூடத் தொடாமல் இருக்கும் ஆட்களை நம் எல்லோருக்கும் தெரியும். "மாலை போட்டா அவரு மாதிரி ஒரு மனுஷன் கிடையாது" என்று வீட்டம்மா பெருமையாகச் சொல்வார். குடி இல்லாமல் அவரால் இருக்க முடியும் என்பதற்கு அது நல்ல அத்தாட்சி. குளிக்க ஒரு நேரம், பூஜைக்கு ஒரு நேரம், கூடவே பத்துச் சாமிகள், "சாமி" என்று கூப்பிடும் ஊர். குடி பிடித்திருந்த சாயங்கால நேரத்தை வேறொன்று பிடித்துக்கொள்கிறது. எந்த மறுவாழ்வுத் திட்டமும் செய்யப் பார்ப்பது இதைத்தான். இரண்டு ஓட்டைகள்: தினம் இரண்டு குவார்ட்டர் போடுபவர் மாலை போடுகிற அன்றே நிறுத்தினால் இரண்டு நாளுக்குள் ஃபிட்ஸ் வரலாம், மாலையைக் கழற்றும் தேதி முதல் நாளே தெரிந்திருக்கிறது. மாலை போடும் எண்ணம் இருந்தால் பத்து நாள் முன்னதாக டாக்டரைப் பார்த்து உடம்பை இறக்கிக்கொண்டு போடுங்கள். கழற்றுகிற வாரத்துக்கு டாக்டரிடம் மறுபடி ஒரு தேதி வாங்கி வையுங்கள்.

அரசு ஆஸ்பத்திரியா, தனியார் மனநல மருத்துவரா

முதல் வாரத்துக்கு என் ஓட்டு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிக்கோதான். மனநலப் பிரிவு அங்கே இருக்கும். 2025 பிப்ரவரியில் அரசு ஆஸ்பத்திரிகளில் 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்கள் தொடங்கப்பட்டிருக்கின்றன. தருமபுரி, ஓசூர்ப் பக்கத்தவர்கள் பெங்களூர் நிம்ஹான்ஸுக்கும் போகிறார்கள். போதை நோய்க்கென்றே அங்கே தனி மையம் இருக்கிறது.

வார்டில் நடப்பதில் மாயம் ஒன்றும் இல்லை. கையை நீட்டச் சொல்லி நடுக்கம் பார்ப்பார்கள், நாடியும் பிரஷரும் பார்ப்பார்கள், இது என்ன கிழமை என்று கேட்பார்கள். குளோர்டயசெபாக்சைடு போன்ற மாத்திரையைத் தேவைக்கேற்பக் கொடுத்து ஐந்தாறு நாளில் குறைத்து நிறுத்துவார்கள். கல்லீரல் கெட்டிருந்தால் அதற்குப் பதில் லோரசெபாம். கூடவே தயமின், அதாவது வைட்டமின் பி1 ஊசி. இந்த ஊசி முக்கியம். நாள்பட்டுக் குடித்தவர் உடம்பில் தயமின் வற்றிப்போயிருக்கும். அந்த நிலையில் தயமின் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸை ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். கண் ஆட்டம், தள்ளாட்டம், நிரந்தர மறதி என்று போய்விடும். "களைப்பா இருக்காரு, ஒரு பாட்டில் ஏத்திடுங்க" என்று தெருமுனைக் கிளினிக்கில் போய் நிற்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஏற்றினாலும், அவர் தினமும் குடிப்பவர் என்பதைச் சொல்லி ஏற்றச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைக்க வேண்டிய இடம் அதுவல்ல.

அரசு ஆஸ்பத்திரியின் குறைகளும் எல்லோருக்கும் தெரிந்தவையே. ஓ.பி. சீட்டுக்கு வரிசை, கூட ஒருவர் தங்க வேண்டும், கழிவறை. பேசுவதற்கு டாக்டருக்கு நேரம் கிடைக்காது. ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிது. கட்டில் காலியாக வேண்டுமென்று பத்து நாளில் அனுப்பிவிடுவார்கள். முதல் வேலைக்கு இவை எதுவும் தடையில்லை. செலவு கிட்டத்தட்ட இல்லை. நள்ளிரவில் ஃபிட்ஸ் வந்தால் அடுத்த தளத்தில் ஐ.சி.யூ. இருக்கிறது, எந்தத் தனிச் சென்டரும் தர முடியாத வசதி அது. காசு உள்ளவர்கள் தனியார் மனநல மருத்துவரிடம் போகலாம். சிகிச்சை அதேதான், வரிசை மட்டும் குறைவு. நடுக்கம் லேசாக இருந்து, முன்பு ஃபிட்ஸ் வராதிருந்து, வீட்டில் பொறுப்பான ஆள் ஒருவர் இருந்தால், கட்டிலில் சேராமலே வீட்டில் மாத்திரையோடு இறக்கவும் டாக்டர்கள் ஒப்புக்கொள்வார்கள். அந்த மாத்திரை வீட்டு ஆளின் கையில் இருக்க வேண்டும். அதைச் சரக்கோடு சேர்த்துப் போட்டால் மூச்சு நின்றுவிடும்.

தனியார் மறுவாழ்வு மையம்

இங்கேதான் அதிகம் நிற்க வேண்டியிருக்கிறது, காரணம் குடும்பங்களின் பணமும் நம்பிக்கையும் அதிகம் போவது இங்கேதான். நல்ல மையங்கள் இருக்கின்றன, சந்தேகமில்லை. சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இந்தத் துறைக்கே வழிகாட்டிய இடம். மருத்துவம், தனி ஆலோசனை, குழுப் பேச்சு, குடும்பத்தாருக்குத் தனி வகுப்பு எல்லாம் சேர்ந்த முறை அது. திருவாரூர்ப் பக்கம் மஞ்சக்குடியில் அவர்கள் நடத்திய முகாம்கள் எனக்கு இன்னும் பிடித்தவை. நோயாளி ஊரைவிட்டுப் போகாமல், ஊர்க்காரர்களின் ஒத்துழைப்போடு, பதினைந்து நாள் சிகிச்சை. வெளியே வரும்போது அவரைச் சுற்றி இருப்பவர்களுக்கு நடந்தது என்னவென்று தெரிந்திருக்கும்.

எல்லா இடமும் அப்படியில்லை. புறநகரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஜன்னலுக்குக் கம்பி போட்டு, முன்பு குடித்து, பிறகு குடியை விட்ட நாலு பேரைக் காவலுக்கு வைத்து நடத்தும் இடங்கள் ஏராளம். டாக்டர் வாரத்துக்கு ஒருமுறை தலைகாட்டுவார், அதுவும் போர்டில் பெயர் இருப்பதற்காக. இப்படிப்பட்ட இடங்களில் அடிபட்டு இறந்தவர்களின் செய்தி தமிழகத்துப் பத்திரிகைகளில் அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கிறது. போனில் விசாரிக்கும்போதே பாதி தெரிந்துவிடும். "நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க, அட்ரஸ் மட்டும் சொல்லுங்க, பசங்க வண்டியோட வந்து தூக்கிட்டு வந்துடுவாங்க" என்றால் போனை வைத்துவிடலாம். மாநில மனநல ஆணையத்தின் பதிவு எண் என்ன, மனநல மருத்துவர் எந்தெந்த நாள் வருகிறார், இரவில் நர்ஸ் உண்டா, ஃபிட்ஸ் வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவீர்கள் என்று கேளுங்கள். முதல் வாரமே வீட்டார் நேரில் பார்க்கலாமா என்பதையும் கேளுங்கள். "ஒரு மாசம் பார்க்கக் கூடாது, பார்த்தா மனசு மாறிடும்" என்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது. மறைக்கத்தான் ஏதோ இருக்கிறது.

சட்டமும் குடும்பங்கள் நினைப்பதுபோல் இல்லை. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் மது, போதைப்பொருளால் வரும் மனநிலைக் கோளாறுகளும் அடக்கம். ஒருவரின் சம்மதம் இல்லாமல் சேர்க்க வேண்டுமென்றால், அவருடைய பிரதிநிதி விண்ணப்பிக்க வேண்டும், ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு நிபுணரும் தனித்தனியே பரிசோதித்து அவசியம் என்று சொல்ல வேண்டும். அப்போதும் 30 நாள்தான். அதற்கு மேல் மறு ஆய்வு வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். சங்கிலியால் கட்டுவது அடியோடு தடை. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகிய நாட்டில் அந்தத் தடை கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. மனைவி கையெழுத்துப் போட்டால் கணவனை மூன்று மாதம் அடைத்து வைக்கலாம் என்று எந்த மையம் சொன்னாலும் அது பொய்.

சரி, அடைத்து வைப்பதால் பலனாவது உண்டா? நீண்ட சிகிச்சை என்றால் நல்ல சிகிச்சை என்ற நம்பிக்கையை அசைத்த ஒரு லண்டன் ஆய்வு 1977-இல் வெளிவந்தது. கிரிஃபித் எட்வர்ட்ஸும் ஜிம் ஓர்ஃபோர்டும் திருமணமான 100 குடிநோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு முழுச் சிகிச்சை. இன்னொரு பாதியைக் கணவன் மனைவியாக உட்காரவைத்து, பிரச்சினை இது, பொறுப்பு உங்களுடையது என்று ஒரே ஒரு முறை பேசி அனுப்பினார்கள். ஒரு வருடம் கழித்து இரு தரப்புக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. வீடும் வேலையும் மனைவியும் இருந்தவர்களைப் பற்றிய ஆய்வு அது, தெருவில் கிடப்பவருக்கு அப்படியே பொருந்தாது. இருந்தாலும் ஒரு வேலையும் பொறுப்பும் உள்ள மனிதரை மூன்று மாதம் சம்பளமில்லாமல் உள்ளே வைப்பதற்கு முன் யோசிக்க வைக்கிற ஆய்வு. சுற்றிலும் குடிப்பவர்கள் சூழ வாழ்பவர், வீடே இல்லாதவர், வெளிநோயாளியாகப் பலமுறை முயன்று தோற்றவர் ஆகியோருக்கு ஒரு நல்ல மையத்தின் ஒரு மாதம் உண்மையிலேயே உதவும். மற்றவர்களுக்கு அது கடைசி வழியாக இருக்கட்டும்.

மாத்திரை

குடியை மறக்க மாத்திரை இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் ஒன்றையே சொல்வார்கள், "குடிச்சா வாந்தி வருமே, அது." அது டைசல்ஃபிராம். ஆல்கஹால் உடம்பில் உடையும் வழியைப் பாதியில் அடைத்துவிடும். அதன்மேல் குடித்தால் சில நிமிடங்களில் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, பிரஷர் இறங்கும். ஆசையைக் குறைக்காது, பயத்தைத் தரும். தினம் காலையில் மனைவியோ அம்மாவோ எதிரில் நின்று விழுங்க வைத்தால் நன்றாக வேலை செய்கிறது. அவரே எடுத்துக்கொள்வார் என்று விட்டால் செய்வதில்லை, ஏனென்றால் மாத்திரை சட்டைப்பையிலேயே இருக்கும். இதய நோய், கடும் கல்லீரல் நோய், மனச்சிதைவு உள்ளவர்களுக்கு ஆகாது. நிறுத்திய பிறகும் இரண்டு வாரம்வரை அதன் வேலை உடம்பில் இருக்கும். தசமூலாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்களிலும் சில இருமல் டானிக்குகளிலும் ஆல்கஹால் இருப்பதால் அவற்றையும் தவிர்க்க வேண்டும்.

நால்ட்ரெக்ஸோன் வேறு வகை. குடித்தால் கிடைக்கும் கிறக்கத்தை மட்டுப்படுத்தும். இன்னும் குடித்துக்கொண்டிருப்பவருக்கும் தொடங்கலாம் என்பது இதன் பெரிய வசதி. வலிக்காக ஓபியம் வகை மருந்து எடுப்பவருக்குக் கொடுக்கக் கூடாது. அகாம்ப்ரோசேட் ஏற்கெனவே நிறுத்தியவரின் ஏக்கத்தைக் குறைக்கும். கல்லீரலுக்குத் தொந்தரவில்லை, சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும். வேளைக்கு இரண்டாக மூன்று வேளை, ஆறு மாத்திரை என்பதுதான் கஷ்டம். கல்லீரல் சுருங்கிவிட்டவருக்குச் சில டாக்டர்கள் பாக்லோஃபென் தருகிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது ரத்தப் பரிசோதனையும் வீட்டுச் சூழ்நிலையும் பார்த்து டாக்டர் முடிவு செய்வது. நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "டிஸ்சார்ஜ் சீட்டுல குடி ஆசைக்கு மாத்திரை எதுவும் எழுதலையே, டாக்டர்?" இதைக் கேட்காமல் சத்து மாத்திரையோடு வீட்டுக்கு வருபவர்கள் நிறையப் பேர்.

அந்த வாட்ஸ்அப் பொடி விஷயத்துக்கு வருகிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று டப்பா சொல்லாது. ஒன்றுமில்லாத மாவாக இருந்தால் காசு மட்டும் போகும். டைசல்ஃபிராம் போன்ற ஒன்றாக இருந்து, தெரியாமல் சாம்பாரில் கலந்து, இதய நோயுள்ள மனிதர் அன்று மாலை இரண்டு குவார்ட்டர் போட்டால் ஆளே போய்விடுவார். அப்படி நடக்காவிட்டாலும், சோற்றில் மருந்து கலக்கிறார்கள் என்று தெரிந்த நாளில் அவர் வீட்டில் சாப்பிடுவதை நிறுத்துவார். குடிநோயாளிகளிடம் மனைவிமேல் சந்தேகம் ஏற்கெனவே அதிகம். அதற்கு எண்ணெய் ஊற்றிய கதையாகும்.

ஏ.ஏ. கூட்டமும் கயிறும்

1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கியது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் கூட்டம் அது. சென்னையிலும் மதுரையிலும் கோவையிலும் இன்னும் பல ஊர்களிலும் தமிழில் கூட்டங்கள் நடக்கின்றன, பெரும்பாலும் ஒரு பள்ளி வகுப்பறையிலோ தேவாலயத்தை ஒட்டிய அறையிலோ. கட்டணம் இல்லை, பதிவேடு இல்லை, பெயரை முழுதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் எழுந்து, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கி, மகள் சடங்குக்கு வாங்கி வைத்திருந்த கொலுசை விற்றுக் குடித்த கதையைச் சொல்வார். எதிரில் இருப்பவர்கள் அதிர்ச்சியடைய மாட்டார்கள். பாதிப் பேர் சிரிப்பார்கள், அவர்களும் விற்றிருக்கிறார்கள். அறிவுரை சொல்லாத ஒரு கூட்டத்தைக் குடிநோயாளி வேறெங்கும் பார்த்திருக்க மாட்டார். முடிந்ததும் டீ. புதிதாக வந்தவர் கையில் மூத்தவர் ஒருவர் போன் நம்பரைத் திணிப்பார்: "குடிக்கணும்னு தோணுச்சுன்னா, குடிக்கிறதுக்கு முன்னாடி கூப்பிடு."

கடவுள் பேச்சு அதிகம் என்று ஒதுக்குபவர்கள் இருக்கிறார்கள். பெண் குடிநோயாளிகளுக்குப் பல கூட்டங்கள் சௌகரியமாக இருப்பதில்லை என்பதும் உண்மை. ஆனால் இது வெறும் நம்பிக்கை விவகாரம் அல்ல. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை அலசி 2020-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வருடம் கழித்தும் முழுக்கக் குடியாமல் இருந்தவர்கள் ஏ.ஏ. வழியில் 42 சதவீதம், மற்ற உளவியல் சிகிச்சைகளில் 35 சதவீதம். இலவசமாக, வாரம் பல முறை, வாழ்நாள் முழுக்கக் கிடைக்கும் ஒன்றுக்கு இது நல்ல மதிப்பெண். இரண்டாவது வேலைக்கு என் தேர்வு, மாத்திரையும் ஏ.ஏ.யும் சேர்ந்தது. மாத்திரை போடுபவரை ஏளனமாகப் பார்க்கும் சில பழைய உறுப்பினர்களைப் பொருட்படுத்த வேண்டாம்.

கயிறை நான் கேலி செய்யத் தயாரில்லை. கோயிலில் கட்டியதோ, தர்காவில் மந்திரித்ததோ, ஜெபக்கூட்டத்தில் கொடுத்த வாக்கோ, ஊர் அறிந்த சத்தியத்துக்கு ஒரு பலம் இருக்கிறது. கல்யாண வீட்டில் நண்பர்கள் இழுக்கும்போது "வேணாம்டா, கயிறு கட்டியிருக்கேன்" என்ற ஒரு வரி அவரைக் காப்பாற்றும். "டாக்டர் வேணாம்னு சொல்லியிருக்காரு" என்றால் விட மாட்டார்கள். கயிற்றின் பலவீனம் அறுந்த பிறகு தெரியும். தெய்வக் குற்றம் ஆகிவிட்டது என்று பயந்து, அந்தப் பயத்துக்கே இன்னும் குடித்து, யாரிடமும் சொல்லாமல் மறைப்பார். சர்க்கரை நோயாளிக்கு மறுபடி சர்க்கரை ஏறினால் நாம் டாக்டரிடம்தான் கூட்டிப்போகிறோம். கயிறு கட்டுபவர்கள் கட்டுங்கள், உடம்பை இறக்கிய பிறகு, மாத்திரையையும் விடாமல்.

சரக்கு அல்லாத மற்றவற்றுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். கஞ்சாவைத் திடீரென நிறுத்தினால் எரிச்சலும் தூக்கமின்மையும் இருக்கும், உயிருக்கு ஆபத்து அபூர்வம். ஆனால் காதில் குரல் கேட்கிறது என்றால் மனநல மருத்துவர் உடனே பார்க்க வேண்டும். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்ளும் பையன்கள் விஷயத்தில் அடைத்து வைப்பது குடியைவிட மோசமான பலனைத் தரும். உள்ளே இருந்த நாட்களில் உடம்பின் தாங்குதிறன் இறங்கிவிடும். வெளியே வந்து பழைய அளவை ஒரே முறை போட்டாலே மூச்சு நிற்கும். அவர்களுக்கு ஓபியம் வகைப் போதைக்கான புப்ரெனார்ஃபின் மாற்றுச் சிகிச்சை அரசு மையங்களில் கிடைக்கிறது, அதுதான் முதல் தேர்வு. ஊசியைப் பகிர்ந்திருந்தால் ஹெச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி பரிசோதனையும் சேர்த்துச் செய்துவிடுங்கள்.

ஆளைப் பொறுத்து நான் இப்படிச் சொல்வேன். கை நடுங்காதவருக்கு ஆலோசனை. நடுங்குகிற, ஆனால் "எப்படியாவது விடணும்" என்கிறவருக்கு ஜி.எச்.சில் ஒரு வாரம், பிறகு மாத்திரை, முதல் மாதம் முடிந்தவரை தினமும் ஒரு ஏ.ஏ. கூட்டம். வேலைக்குப் போகலாம். ஏற்கெனவே ஃபிட்ஸ் வந்தவர், ரத்த வாந்தி எடுத்தவர், மஞ்சள் காமாலை கண்டவர் என்றால் மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கீழே எங்கும் வேண்டாம். பலமுறை விட்டுவிட்டுத் தொடங்கியவர், போக வீடில்லாதவர் என்றால் விசாரித்துத் தேர்ந்த ஒரு மையம், முதல் வாரத்தை ஆஸ்பத்திரியில் முடித்த பிறகு. எந்த வழியானாலும் மறுபடி ஒருமுறை குடித்துவிட்டால் "எல்லாம் போச்சு" என்று மூட்டை கட்டாமல் அடுத்த நாளே டாக்டரிடம் போவது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட எய்ம்ஸ் ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது. மீதி 37 பேரின் வீடுகளில் நடப்பது பூட்டும் பொடியும் சண்டையும்தான்.

வரவே மாட்டேன் என்கிறவரை என்ன செய்வது என்ற கேள்வி பாக்கியிருக்கிறது. பெரும்பாலான வீடுகளின் நிலை இதுதான். அவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம். மனநலப் பிரிவுக்கு மனைவியோ அம்மாவோ மட்டும் போய் டாக்டரிடமும் சமூகப் பணியாளரிடமும் பேசலாம். எப்போது பேச வேண்டும், எப்போது பேசக் கூடாது என்பதை அங்கே சொல்லித் தருவார்கள். போதையில் இருக்கும்போது பேச்சு வேண்டாம். மறுநாள் காலை, வயிறு எரிந்து வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்கும் பத்து நிமிடம்தான் பேசுகிற நேரம். ஏ.ஏ.வுக்கு உறவாக 1951-இல் தொடங்கிய அல்-அனான் கூட்டங்கள் குடும்பத்தாருக்கென்றே நடக்கின்றன. அவருடைய கடனை அடைப்பது, முதலாளியிடம் "காய்ச்சல்" என்று பொய் சொல்வது, வாந்தியைத் துடைத்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் காப்பி கொடுப்பது என்று தினமும் செய்துவரும் வேலைகளை எப்படி நிறுத்துவது என்பதுதான் அங்கே நடக்கும் பேச்சு. போனில் பேச 14446 போதை மீட்புக்கான தேசிய உதவி எண். 14416 டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். அடி உதை இருந்தால் வரிசை வேறு: முதலில் 181, பெண்கள் உதவி எண். அன்றிரவு நீங்களும் குழந்தைகளும் எங்கே படுப்பது என்பதை முடிவு செய்துவிட்டு, அவருடைய சிகிச்சையைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.